நிறுவனர் நாள் மேடையிலிருந்து ‘சபாபதி’யை இறக்கிவிட்ட கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆட்சிக்குழுத் தலைவர், செயலர், முதல்வர் ஆகியோருக்கு,

நிறுவனர் நாள் விழாவுக்காக மாணவர்கள் தயாரித்துக்கொண்டிருந்த ‘சபாபதி’ நாடகத்தை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டதாக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். கேலி நாடகம் கல்லூரியின் கண்ணியத்துக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். இனிமேல் விழாக்களில் விழிப்புணர்வு நாடகம் மட்டுமே போடலாம், அதற்கும் வசனப் பிரதியைக் குழுவிடம் முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதே வாரத்தில் கலையரங்கத் தாழ்வாரத்தில் மாட்டியிருந்த பழைய நாடகக் குழுப் படங்களையும் கழற்றிவிட்டீர்கள். முதலில் தனிக் கடிதம் எழுதித்தான் கேட்டேன். பதில் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் இந்தக் கல்லூரியில் படித்தவன். விடுதி நாடகச் செயலராக இருந்தவன். இந்த முறை ஒத்திகைக்கு வந்து உதவச் சொல்லி மாணவர்களே கூப்பிட்டார்கள். மாலை வேளைகளில் வந்துகொண்டிருந்தேன். நீங்கள் நிறுத்தியது எப்படிப்பட்ட நாடகம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

கண்ணியம் என்ற சொல்லை நீங்கள் எடுத்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன். சென்னையில் படித்தவர்கள் மேடை ஏறுவதே அவமானம் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. ‘கூத்தாடி’ என்பது வசைச் சொல்லாக இருந்தது. அந்தக் காலத்தில், 1891 ஜூலையில், பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அவர் பம்மல் சம்பந்த முதலியார். சிறுவயதில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே வெறுப்பு. பல்லாரியிலிருந்து வக்கீல் கிருஷ்ணமாச்சார்லுவின் குழு வந்து நாடகம் போட்டதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. படித்து வேலையில் இருக்கும் மனிதர்கள் கூச்சமில்லாமல் வேடம் கட்டி நடிப்பதை அங்கே கண்டார். நம் ஊரிலும் இது முடியும் என்று நினைத்தார், செய்தும் காட்டினார்.

அந்தச் சபையில் யார் யார் நடித்தார்கள் என்று பாருங்கள். பிற்காலத்தில் காங்கிரசின் பெரும் பேச்சாளராகப் பெயர் வாங்கிய எஸ். சத்தியமூர்த்தி நடித்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் நடித்தார். சம்பந்த முதலியார் வக்கீலாக இருந்து சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியானவர். 1959-ல் அவருக்குப் பத்ம பூஷண் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் நாடகத்துக்குக் கண்ணியம் தேடித் தந்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் வரியில் வரவேண்டிய மனிதர் அவர்.

‘சபாபதி’ அவர் எழுதியதுதான். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்த அதே கை, ‘மனோகரா’ எழுதிய அதே கை, இந்தப் பிரஹசனத்தையும், அதாவது கேலி நாடகத்தையும், எழுதியது. விடியவிடிய ஓடும் நாடகங்களைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கியவர், பாட்டைக் குறைத்து வசனத்துக்கு இடம் கொடுத்தவர், ஒத்திகைக்கு நேரம் தவறினால் பொறுக்காதவர். நாடகத்தை இவ்வளவு மதித்த ஒருவர் சிரிக்க வைப்பதைத் தாழ்வாக நினைக்கவில்லை. சபாபதிக்கு வரவேற்பு கிடைத்ததும் அடுத்தடுத்த பாகங்களையும் எழுதினார். 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாக எடுத்தார். டி.ஆர். ராமச்சந்திரனையும் காளி என். ரத்தினத்தையும் இன்றைக்கும் அந்தப் படத்தை வைத்துத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் மூலம் மேடை நாடகம். சபை உறுப்பினர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் போட்டுப் போட்டுப் பழகிய நாடகம்.

அதில் கேலிக்கு ஆளாகிறவர் யார் என்பதைக் குழுவில் யாராவது யோசித்தீர்களா? சபாபதி முதலியார் பணக்கார வீட்டுப் பிள்ளை. படிப்பு ஏறவில்லை. அவருடைய வேலைக்காரன் பெயரும் சபாபதி. சொன்னதைச் சொன்னபடியே செய்து எல்லாவற்றையும் கெடுப்பவன். மேலோட்டமாகப் பார்த்தால் வேலைக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் கவனித்தால், தெளிவாக ஒரு வேலையைச் சொல்லத் தெரியாத எஜமானன்தான் பெரிய முட்டாள் என்று புரியும். அன்று அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான். இங்கிலீஷ் படிப்பும் மைனர் மிடுக்கும் கலந்து வளர்ந்தவர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்தது அந்த நாடகம். அவர்களும் கோபப்படாமல் சிரித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் படித்த இளைஞர்கள் செய்த பெரிய காரியங்களில் இதையும் நான் சேர்ப்பேன். தெருக்கூத்தில் ராஜாவையே கிண்டல் செய்யும் கட்டியங்காரன் முன்பே இருந்தான். தொழில்முறைக் கம்பெனிகளில் காட்சிக்குக் காட்சி வந்துபோகும் பபூன் இருந்தார். 1867-லேயே காசி விசுவநாத முதலியார் ‘டம்பாச்சாரி விலாசம்’ எழுதி, ஆடம்பரத்தில் அழிந்துபோகும் பணக்காரனைக் காட்டிவிட்டார். இவை எல்லாவற்றுக்கும் வாரிசாக வந்தவர்கள் பட்டதாரிகள். தங்களையே, தங்கள் வர்க்கத்தையே கேலிப் பொருளாக வைத்து முழு நாடகம் போட்டார்கள். பழைய இலக்கணம் அறியாமல் செய்ததும் இல்லை. மெய்ப்பாடுகள் எனப்படும் எட்டு உணர்ச்சி வெளிப்பாடுகளில் தொல்காப்பியம் முதலில் வைப்பது நகையை, அதாவது சிரிப்பைத்தான். அது பிறக்கும் நான்கு இடங்களில் பேதைமை என்னும் அறியாமையும் மடம் என்னும் வெகுளித்தனமும் உண்டு. சபாபதி நாடகம் முழுக்க அந்த இரண்டும்தான். அதே காலத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பரிதிமாற் கலைஞர் ‘நாடகவியல்’ என்று இலக்கணமே எழுதினார், நாடகங்களும் எழுதினார். பேராசிரியர் நாடகம் எழுதுவதும் மாணவன் நடிப்பதும் அன்றைய கல்லூரிக்குக் குறைவாகப் படவில்லை.

உங்கள் தரப்பில் நியாயமான ஒரு கவலை இருக்க முடியும். அதையும் ஒதுக்காமல் பேசிவிடுகிறேன். அந்தக் காலத்து ஹாஸ்யம் எல்லாமே நல்லது என்று நான் சொல்லமாட்டேன். திக்குவாய், கருப்பு நிறம், பருத்த உடம்பு, சேரிப் பேச்சு, விதவைக் கோலம் எல்லாவற்றையும் சிரிப்புக்கு எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அமெரிக்கக் கல்லூரி மேடைகளில் வெள்ளைக்கார மாணவர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கிண்டல் செய்தார்கள். பலமுள்ளவன் பலமில்லாதவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அசிங்கமானது. அது எந்த மேடையிலும் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் நம் மாணவர்கள் இதைத்தான் ஒத்திகையின் முதல் நாளே பேசினார்கள். பிரதியைச் சுற்றி உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார்கள். பெண்களைப் பற்றி வந்த சில வசனங்களையும் வேலைக்காரனை அடிக்கக் கை ஓங்கும் இடங்களையும் என்ன செய்வது என்று மணிக்கணக்காக வாதம் நடந்தது. அடிக்கும் இடம் வேண்டாம் என்று ஒரு தரப்பு. அது இருந்தால்தான் எஜமானனின் கையாலாகாத்தனம் தெரியும் என்று இன்னொரு தரப்பு. கடைசியில் கை ஓங்கும்போது வேலைக்காரன் அமைதியாக அவரையே பார்த்துக்கொண்டு நிற்க, அவர் கை தானாக இறங்கும் என்று முடிவு செய்தார்கள். ஒரு வசனம்கூட இல்லாத அந்த இடம் ஒத்திகையிலேயே எல்லோரையும் உலுக்கியது. நீங்கள் அமைக்கப்போகும் ஒப்புதல் குழு பேனாவால் ஒரு கோடு போட்டு அந்தப் பகுதியை அடித்திருக்கும். மாணவர்கள் யோசித்து அதைவிட நல்ல வழி கண்டுபிடித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுகுண விலாச சபையில் பெண் வேடம் முழுக்க ஆண்கள் கட்டியது. சி. ரங்கவடிவேலு பெண் வேடத்தில் வந்து சம்பந்த முதலியாருக்கு ஜோடியாக நடித்துப் பேர் வாங்கியவர். இந்த முறை நம் கல்லூரியில் வேலைக்காரச் சபாபதியாக நடிக்க இருந்தவர் பி.காம் இரண்டாம் ஆண்டு மாணவி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர். முதல் சில நாட்கள் வசனத்தை மளமளவென்று ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நகைச்சுவை வசனத்தைச் சொன்ன பிறகு அவையின் சிரிப்புக்கு இடம் விட வேண்டும், ஆனால் சிரிப்பு முழுசாக அடங்கும்வரை காத்திருந்தால் சூடு ஆறிப்போகும், இறங்க ஆரம்பிக்கும்போதே அடுத்த வரியை எடுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது, நின்று பழகித்தான் வரும். அவர் பழகினார். ஒரு மாலை, ஒத்திகையைப் பார்க்கக் கூடியிருந்த கான்டீன் ஆட்களும் காவலாளியும் சிரித்தபோது, தலையை லேசாகச் சாய்த்து, அந்தச் சிரிப்பைக் கேட்டு, சரியான நொடியில் அடுத்த வரியைப் போட்டார். முப்பது பேர் கவனத்தைக் கையில் பிடித்து நிறுத்த இனி அவரால் முடியும். ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி என்று வெளியாட்களைக் கூப்பிட்டுப் பணம் கட்டி நடத்துகிறீர்களே, அதில் இது கிடைப்பதை நான் பார்த்ததில்லை.

சுற்றறிக்கை வந்த அன்று அந்தப் பெண் என்னிடம், “சார், நாங்க என்ன தப்பு பண்ணினோம்?” என்று மட்டும் கேட்டார். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

விழிப்புணர்வு நாடகம் மட்டும் போதும் என்கிறீர்கள். டெங்கு, ஹெல்மெட், போதை எதிர்ப்பு எல்லாம் தேவையானவைதான். நானே அப்படிப்பட்ட போட்டிகளுக்கு நடுவராக இருந்திருக்கிறேன். முதல் நிமிடத்திலேயே முடிவு தெரிந்துவிடும். அவையில் பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்லது சொல்கிறோம் என்ற நினைப்பிலேயே நடிப்பு நின்றுபோகிறது. ஹாஸ்யத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. சிரிப்பு வரவில்லை என்றால் வரவில்லை, அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

நான் விடுதியில் இருந்தபோது மூன்றாவது மாடிக் குளியலறையில் காலையில் தண்ணீர் வராது. மனு கொடுத்தோம், வார்டனைப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. விடுதி நாளில் ஒரு சின்ன நாடகம் போட்டோம். உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவன் குழாயிடம் வரம் கேட்பான். குழாய் அவனிடம் மனுவை மூன்று பிரதிகளில் கேட்கும். வார்டன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். அந்த வாரமே மோட்டார் மாற்றப்பட்டது. எங்கள் மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. அவருக்குக் கண்ணியம் குறைந்ததாக விடுதியில் ஒருவரும் நினைக்கவில்லை, மரியாதை கூடத்தான் செய்தது.

அப்புறம், வசனப் பிரதியை முன்கூட்டிக் கொடுத்து ஒப்புதல் வாங்கும் விஷயம். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துதான் செய்கிறீர்களா என்று தெரியவில்லை. வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தபோது அவரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துப்போன வக்கீல் ஒருவரைக் கேலி செய்து அங்கே ஒரு பிரஹசனம் போட்டார்கள். அதற்குக் கிடைத்த பதில்தான் 1876-ம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம். ஒரு கேலி நாடகத்துக்குப் பயந்து வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த சட்டம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு 1954-ல் நம் மாநிலத்திலும் அதே மாதிரி ஒன்று வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துக் கொண்டுவந்தது என்றே அப்போது பேச்சு. அதை எதிர்த்துப் பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. அத்தோடு, நாடகம் போட நினைப்பவர் போலீசிடம் பிரதியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்ற அந்தச் சட்டத்தின் கட்டாயம் நீங்கியது. நாங்கள் தனியார் கல்லூரி, அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லலாம். சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அரசாங்கமே செய்யக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னதை, சிந்திக்கக் கற்றுக்கொடுக்கும் இடமான கல்லூரி எடுத்துச் செய்யலாமா?

உலகத் தரம் என்று நம் கல்லூரியின் விளம்பரப் பலகையில் எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் மாணவர்களின் ட்ரையாங்கிள் கிளப் தொடங்கியதும் அதே 1891-ல்தான். ஆண்டுதோறும் மாணவர்களே எழுதி, இசையமைத்து, நடிக்கும் கேலி நாடகம் அவர்களுடையது. எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் மாணவராக இருந்தபோது அதற்குப் பாட்டு எழுதினார். நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அதில் நடித்துப் பழகியவர். இன்றும் நடக்கிறது. ஹார்வர்டில் இந்த வழக்கம் 1844-ல் தொடங்கியது. கேம்பிரிட்ஜின் மாணவர் நாடகக் குழுவான ஃபுட்லைட்ஸ் 1883-ல் வந்தது, நகைச்சுவை நடிகர் ஜான் க்ளீஸ் அங்கிருந்து வந்தவர். பழைய தவறுகளை அவர்கள் பேசித் திருத்திக்கொண்டார்கள், மேடையை மூடவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படிக்கும்போதே நாடகம் எழுதத் தொடங்கியவர்தான் கிரேசி மோகன். அன்று அவர் கல்லூரி இப்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் தமிழர்கள் எவ்வளவு இழந்திருப்போம்!

இப்போது அந்தப் படங்கள். கலையரங்கத் தாழ்வாரத்தில், கண்ணாடிக்குள் பழுத்த அட்டையில் ஒட்டியிருந்த பழைய குழுப் படங்களைச் சொல்கிறேன். ஒன்றில் இரண்டு வரிசையாக மாணவர்கள் நிற்கிறார்கள். முன்வரிசையில் நான்கு பேர் புடவை கட்டி, தலையில் சவுரி வைத்து, காலை ஒரு பக்கமாக மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் தலைப்பாகையும் கோட்டும் போட்ட பேராசிரியர் ஒருவர். ஓரத்தில் நிற்கும் மெலிந்த பையன் கையில் பிரம்புக் கூடை, முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு. படம் எடுக்க அசையாமல் நிற்கச் சொல்லியிருப்பார்கள், அவனால் முடியவில்லை, அதனால் அவன் முகம் மட்டும் சற்றே கலங்கியிருக்கிறது. கீழே மையால் எழுதிய பெயர்கள். ஆண்கள் புடவை கட்டிய படம் பெற்றோர்கள் வரும் வழியில் இருக்கக் கூடாது என்று அலுவலகத்தில் காரணம் சொன்னார்கள். பெண்கள் மேடை ஏற முடியாமல் இருந்த காலத்தின் சான்று அது. வரலாற்றுத் துறை தன் மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்த வேண்டிய படம். இப்போது அது பழைய மேசை நாற்காலிகளோடு சாமான் அறையில் தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் அந்த அறைச் சுவர் ஊறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே பழைய கல்லூரி மலர்களும் அச்சடித்த நாடக நிகழ்ச்சி நிரல்களும் சாக்கு மூட்டையில் கிடக்கின்றன. அவற்றைப் பழைய பேப்பருக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது பொய்ச் செய்தியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் கேட்பவை இவைதான். ‘சபாபதி’ நாடகத்தை நிறுவனர் நாள் நிகழ்ச்சியில் திரும்பச் சேர்த்து எழுத்தில் அறிவியுங்கள். நேரம் போதாது என்றால் இந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே அதே கலையரங்கில் வேறொரு மாலையைக் கொடுங்கள். முடிவெடுக்கும் முன் ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஒரு ஒத்திகையை வந்து பாருங்கள், நாற்காலி போட்டு உட்கார வைக்க மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள். விழிப்புணர்வு நாடகம் மட்டும் என்ற விதியையும் முன்கூட்டிய ஒப்புதல் என்ற விதியையும் திரும்பப் பெறுங்கள். யாரையாவது இழிவுபடுத்தும் வசனம் வருமோ என்ற பயம் இருந்தால், மாணவர்களும் ஆசிரியர்களும் சரிபாதியாக இருக்கும் நாடகக் குழு ஒன்றை அமையுங்கள். எதை வைப்பது, எதை எடுப்பது என்று அவர்கள் பேசி முடிவு செய்யட்டும். படங்களை அவை இருந்த இடத்திலேயே, ஆண்டும் நாடகப் பெயரும் எழுதிய குறிப்போடு மாட்டுங்கள். கல்லூரி மலர்களையும் நிகழ்ச்சி நிரல்களையும் மழை தொடங்குவதற்கு முன் நூலகத்துக்கு மாற்றுங்கள். ஸ்கேன் செய்வதற்கான செலவை முன்னாள் மாணவர்கள் சிலர் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம், அனுமதி மட்டும் கொடுங்கள். கடைசியாக, அந்த நாடகத்தில் நடிக்க இருந்த மாணவர்களை அழைத்து, அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று முதல்வர் நேரில் சொல்ல வேண்டும்.

பதிலை இரண்டு வாரத்துக்குள் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவன், விடுதி நாடகச் செயலராக இருந்தவன்